ஜன்னல் எந்தப் பக்கம்?

மாட்டுங்காவில் மழை வலுத்தால் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் இடம் கிங்ஸ் சர்க்கிள். மும்பையின் தொலைக்காட்சி நிருபர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் முழங்கால் தண்ணீரில் நின்று பேசுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். பக்கத்துக் காந்தி மார்க்கெட்டில் துணிக்கடைக்காரர்கள் கீழ்த்தட்டுச் சரக்கை மேல்தட்டுக்கு ஏற்றத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கு அதுவே எச்சரிக்கை. வானிலை அறிக்கைக்கு அப்புறம்தான் மரியாதை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் என் பெரியம்மா வீடு. 1938இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம், அதில் தரைத்தளம். வளைந்த பால்கனி, ஜன்னல்களுக்கு மேலே புருவம் போல நீளும் சிமென்ட் பட்டை, மாடிப்படிக் கம்பியில் பாதி உதித்த சூரியன். மரைன் டிரைவில் இதே பாணியில் இருக்கும் கட்டடங்களை யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடலைப் பார்த்து நிற்பவற்றுக்குப் பட்டம் கிடைத்தது. அதே காலத்தில், அதே கையால் எழுந்த மாட்டுங்கா, தாதர் வீடுகளுக்கு ‘மறுகட்டுமானம்’ என்ற நோட்டீஸ்தான் கிடைக்கிறது. பெரியம்மாவின் கட்டடத்துக்கும் 2024 மே மாதம் அது வந்துவிட்டது. டிசம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

வீட்டிலிருந்த கட்டில், நாற்காலி, மாவு மிஷின் எதைப் பற்றியும் சண்டை வரவில்லை. சண்டை வந்தது ஒரு மர பீரோவைப் பற்றி.

ஆறடி உயரம், நான்கடி அகலம், மூன்று கதவு. மூலைகள் கூராக இல்லாமல் கப்பலின் முகப்பைப் போல வளைந்திருக்கும். நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரு பக்கக் கதவுகளிலும் மரத்தின் ரேகைகள் நான்கு துண்டாகச் சேர்ந்து நடுவில் ஒரு வைர வடிவத்தைக் காட்டும். 1967இல் பக்கத்து தாதர் பார்சி காலனியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை சகோதரன் வீட்டோடு போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா 350 ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு அவர் சம்பளம் அதைவிடக் குறைவு என்று பெரியம்மா இன்னும் சொல்வார், பெருமையா குற்றச்சாட்டா என்று தெரியாத குரலில்.

2005 ஜூலை 26ஆம் தேதி, சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, இந்த வீட்டுக்குள் எட்டங்குலம் தண்ணீர். இரண்டு இரவு நின்றது. 2017 ஆகஸ்ட் 29இல் மறுபடி. இடது கதவின் அடிப்பகுதியில் மேல் தோல் உப்பி, வெடித்து, ஒரு கையகலத்துக்குக் காணாமலே போய்விட்டது. பெரியம்மா அதன்முன் ஒரு மரமுக்காலியைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த முக்காலியில் உட்காரக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

“முன் பக்கம் முழுக்க சன்மைக்கா ஒட்டிடலாம். இல்லேன்னா பங்காருக்குப் போட்டுடலாம். புது வீட்டுல சுவரோட சேர்ந்த அலமாரி பில்டரே தர்றான்” என்றார் அண்ணா, அதாவது பெரியம்மாவின் மகன். பங்கார் என்றால் மும்பையில் பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய எதுவும். பெரியம்மா பதில் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு வேலையாக வந்து அந்த வீட்டில் தங்கியிருந்த என்னைப் பார்த்து, “நீ தமிழ் எம்.ஏ. படிச்சவன்தானே, ஒரு தச்சனைத் தேடிக் கொண்டாயேன், கேட்டியா” என்றார். பாலக்காட்டை விட்டு வந்து அறுபது வருடமாகியும் அந்த ‘கேட்டியா’ மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தமிழ் எம்.ஏ.வுக்கும் தச்சனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம்.

வெனீர் என்பது மரத்தை அப்பளம் போல மெல்லியதாகச் சீவி எடுத்த தாள். உள்ளே தேக்கு போன்ற உறுதியான மரத்தில் பெட்டியைச் செய்து, வெளியே வால்நட், மஹோகனி, ஈட்டி போன்ற அழகான மரத்தின் தாளை ஒட்டுவார்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் நான்கு துண்டு சேர்ந்து வைரம் காட்டுகிற அந்த வேலை கட்டை மரத்தில் நடக்காது. ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. புத்தகத்தைத் திறப்பதுபோல ஒன்றைப் புரட்டி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக அமையும். 1930களில் பம்பாய் இதன்மேல் பைத்தியமாக இருந்தது. ரீகல் சினிமா 1933, ஈராஸ் 1938. நடுவே 1937 நவம்பரில் இந்தியக் கட்டடக் கலைஞர்கள் கழகம் டவுன் ஹாலில் ‘லட்சிய இல்லம்’ என்று ஒரு கண்காட்சியே நடத்தியது. புது வீடு, புது மாதிரி நாற்காலி, புது மாதிரி பீரோ. பெரியம்மாவின் பீரோ அந்தக் காலத்துப் பிள்ளை.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட நான், கதவைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் ரயில் ஏறி ரே ரோட்டில் இறங்கினேன். மும்பையின் மரச் சந்தை அது. தாருக்கானா கப்பல் உடைக்கும் கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, லக்டி பந்தர் என்ற பெயரே மரத் துறைமுகம் என்று சொல்கிற தெருக்களில், லாரி லாரியாக மரம் நிற்கிறது. மழையில் நனைந்த மரத்தூள் வாசனை ஸ்டேஷன் படியிலேயே வந்து மோதுகிறது. ஒரு கடையில் வால்நட் வெனீர் என்று கேட்டேன். எட்டுக்கு நான்கு அடித் தாள்களைச் சீட்டுக்கட்டு போலப் புரட்டிக் காட்டினார்கள். நாலு மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டியே விற்கிறார்கள். படத்தோடு ஒப்பிட்டேன். டியூப் லைட் வெளிச்சத்தில் அச்சு அசல். சதுர அடி நூறு ரூபாய், 32 சதுர அடி, 3,200 ரூபாய். கைக்கடங்கிய ஓட்டையை அடைக்க ஒரு கதவளவு பலகையைச் சுமந்துகொண்டு டெம்போவில் வந்தேன்.

வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் அதைப் பீரோவின் பக்கத்தில் நிறுத்தியபோது அண்ணா சிரித்துவிட்டார். பீரோ தேன் நிறம். நான் வாங்கி வந்தது காபிப்பொடி நிறம்.

மறுநாள் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடந்தேன். ஜே.ஜே. மருத்துவமனையைத் தாண்டிப் பெண்டி பஜார். இந்த வட்டாரத்தில் 16.5 ஏக்கரில் ஏறத்தாழ 250 பழைய கட்டடங்களை அகற்றி அடுக்கு மாடிகள் எழுப்பும் வேலை, 2009இல் தாவூதி போரா சமூகத்தார் அமைத்த அறக்கட்டளையின் கையில் நடக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரம், மறுபக்கம் தாங்குகட்டை கொடுத்த மரப் பால்கனி. அதை ஒட்டிய மட்டன் ஸ்ட்ரீட்டைத்தான் உலகம் சோர் பஜார் என்கிறது. சந்தடி மிகுந்த ‘ஷோர் பஜார்’ என்ற பெயர் வெள்ளைக்காரன் வாயில் ‘சோர்’ ஆனது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். திருட்டுப் பட்டத்தைத் துடைக்க அவர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கிறது. வாங்க வருகிறவர்களுக்குத் திருட்டுக் கதைதான் வேண்டியிருக்கிறது.

கப்பல் விளக்கு, கிராமபோன் குழாய், இந்திப் படச் சுவரொட்டி, டயல் போன், சரவிளக்கு. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அன்று தெருவோடு ஜும்மா பஜார் விரியும். நான் போனது செவ்வாய். எந்தக் கடையிலும் மர பீரோ பளபளவென்று நிற்கிறதே தவிர யார் அதைப் பளபளவென்று ஆக்குகிறார்கள் என்று கேட்டால் முகம் மாறுகிறது. நான்காவது கடைக்காரர் மட்டும் எழுந்து வந்து பின் சந்தைக் காட்டினார்.

சந்துக்குள் ஒரு பட்டறை. கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் நாற்காலிகள். தரையில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு பாத்திரம், அதன் தண்ணீருக்குள் இன்னொரு சின்னப் பாத்திரம். அதில் பழுப்பாக ஏதோ இளகிக்கொண்டிருந்தது. வாசனை என்று சொல்ல முடியாத ஒன்று மூக்கைப் பிடித்தது. உட்கார்ந்திருந்தவருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். சஹாரன்பூரிலிருந்து 1978இல் வந்தவர். அந்த ஊர் மரச்செதுக்கு வேலைக்குப் பேர் போனது. தெருவில் எல்லோரும் அவரைச் சாச்சா என்கிறார்கள்.

நான் கைப்பேசிப் படத்தை நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

“போட்டோவில் மரம் தெரியாது. பீரோ எந்தச் சுவரில் நிற்கிறது?”

வடக்குச் சுவர் என்றேன்.

“ஜன்னல்?”

யோசித்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் என்றேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்து வெளிச்சம்தான் வேண்டும்” என்றார்.

போகும்முன் மூலையிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். செய்தித்தாளில் சுற்றிய மரத்தாள்கள். பழைய கட்டில் தலைமாடு, பழைய அலமாரிக் கதவு, டிரெஸ்ஸிங் டேபிள் இவற்றிலிருந்து உரித்து எடுத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் உருதுவில் ஒரு வரி. எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு: கொலாபா, டாரதேவ், தாதர், உத்வாடா. உரிய வேண்டுமென்றால் எப்படி உரிகிறது என்று கேட்டேன். ஈரத்துணியைப் போட்டு மேலே சூடான இஸ்திரிப்பெட்டியை ஓட்டினால் உள்ளே இருக்கும் பசை இளகிவிடும். மெல்லிய கத்தியை விட்டுத் தூக்கலாம். “இந்தக் காலத்து வேலையில் அது முடியாது” என்றார். ஃபெவிகால் 1959இல் இதே ஊரில் பிறந்தது. அது ஒட்டினால் ஒட்டியதுதான். மரம் கிழியுமே தவிரப் பிடி விடாது.

தமிழ்நாட்டுத் தச்சர்கள் அந்தப் பழைய பசையை வஜ்ஜிரம் என்பார்கள். இந்திரனின் ஆயுதத்துக்கும் தச்சனின் பசைக்கும் ஒரே சொல். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபம் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கொம்பையும் தோலையும் காய்ச்சும் செய்முறையும் அதில் உண்டு. சாச்சாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “ஸரேஸ்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தோலைக் காய்ச்சி உலர்த்திய துண்டுகளை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்து இளக்க வேண்டும். 60 டிகிரி போதும். கொதித்தால் வலு போய்விடும்.

அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் ஒருமாதிரி ஆனது உண்மை. இந்தியாவில் பார்சிகள் 2001 கணக்கெடுப்பில் 69,601 பேர். 2011இல் 57,264 பேர். பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகள் கனடாவில் இருக்கும் வீடுகள் காலியாகும்போது, இந்தச் சந்துக்கு ஒரு டெம்போ வருகிறது. முழுசாக இருப்பது தெருவுக்குப் போகும், மெருகேறி, நான்கு மடங்கு விலையில். கரையான் பிடித்ததும் கால் ஒடிந்ததும் பெட்டிக்குள் தாளாகப் போகும். “உடைக்கும்போது கஷ்டமாக இருக்காதா?” என்று கேட்டேன். என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “நான் உடைக்கவில்லை என்றால் ஹோட்டல் தந்தூர் அடுப்புக்குப் போகும்” என்றார்.

ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு வந்தார். பெரியம்மா பழக்கத்தில், “வாங்கோ மிஸ்திரி” என்று தமிழில் வரவேற்றார். அவர், “நமஸ்தே மாஜி” என்றார். பிறகு இருவரும் ஆளுக்கொரு இந்தியில் சமாளித்தார்கள். முக்காலியை நகர்த்துவதற்கு முன் பெரியம்மா ஒரு கணம் தயங்கினார். வீட்டு வைத்தியரிடம் புண்ணைக் காட்டுகிற தயக்கம்.

சாச்சா முதலில் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பார்த்தார். பிறகு விரல் நகத்தால் கதவை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், பிறகு ஓரிடத்தில் டொப். டொப் என்ற இடத்தில் தாள் உள்ளே பிடி விட்டிருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டார். காணாமல் போனது ஒரு கையகலம்தான். பிடி விட்டது அதைப்போல் மூன்று மடங்கு.

பிடி விட்ட இடத்துக்கு வைத்தியம் எளிது. ரேகை ஓடும் திசையிலேயே பிளேடால் கீறி, இளகிய வஜ்ஜிரத்தை ஊசியால் உள்ளே செலுத்தி, மெழுகுத்தாள் போட்டு, இதமான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திவிட்டு, கனம் வைத்துவிட வேண்டும். வளைந்த மூலையில் இஸ்திரிப்பெட்டி உட்காராது. அங்கே துணிப்பையில் மணலைப் போட்டுச் சுடவைத்துக் கட்டினார். பசைப் பாத்திரத்திலிருந்து வந்த நாற்றத்தில் பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது எதுலேர்ந்து பண்றது?” என்று என்னிடம் கேட்டார். நான் மழுப்பப் பார்த்தேன். சாச்சாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. “மாட்டுத்தோல், மாஜி. முதல் நாளிலிருந்தே இந்தப் பீரோவில் இதுதான் இருக்கிறது” என்றார்.

ஐம்பத்தேழு வருடமாக அந்தப் பீரோவின் மேல்தட்டில் குருவாயூரப்பன் படம் இருக்கிறது. உள்ளே மடி வேஷ்டியும் ஒன்பது கஜமும். பெரியம்மா சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் காபி. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அதைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை.

காணாமல் போன துண்டுதான் பிரச்சினை. நான் வாங்கி வந்த பலகையை அண்ணா குறும்போடு எடுத்துவந்து நிறுத்தினார். சாச்சா ஒரு மூலையைக் கத்தியால் நெம்பி, தாளின் விளிம்பைக் காட்டினார். இன்றைய தாள் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பழையது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். புதியதைப் பள்ளத்தில் பதித்தால் படி இறங்கினாற்போல் இருக்கும். கீழே ஒரு தாள் கொடுத்து உயர்த்தலாம். நிறத்துக்கு என்ன செய்வது? வால்நட் வெட்டும்போது கறுப்பு. வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். மஹோகனி நேர்மாறு, வர வரக் கறுக்கும். எண்பது வருடத்து வெளிச்சத்தைக் கடையில் விற்பதில்லை.

தகரப்பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த நான்கு பழைய தாள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஈரமாக்கி, அந்த ஈரம் காய்வதற்குள் பார்க்க வேண்டும். மெருகு ஏறியபின் வரப்போகும் நிறம் அதுதான். ஒன்றில் நிறம் சரி, ரேகை அகலம். இன்னொன்றில் ரேகை சரி, சிவப்பு தூக்கல். நான்கையும் திரும்பச் சுருட்டினார். எனக்குப் போயிற்று என்று தோன்றியது.

அப்புறம் நடுக்கதவின் கண்ணாடியைச் சுற்றியிருந்த பித்தளைத் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். பெரியம்மா பதறி எழுந்தார். கண்ணாடியை நானும் அண்ணாவும் பிடித்து இறக்கினோம். உள்ளே, 1930களில் மூடிய பிறகு யாரும் பார்க்காத இடத்தில், அதே மரம். அதே ரேகை. பக்கக் கதவுத் தாள்களின் இன்னொரு உடன்பிறப்பு. கண்ணாடிக்குப் பின்னால் மறையப்போகிற இடம் என்று தெரிந்தும் அந்த நாள் தச்சன் மலிவுத் தாளைப் போடாமல் விட்டிருக்கிறான். சாச்சா பெட்டியில் தேடாமல் முதலிலேயே இங்கே பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். பீரோவிலிருந்து பீரோவுக்கு எடுப்பது கடைசி வழி, ஒரு தடவைதான் எடுக்கலாம் என்றார்.

ஆனால் அந்தத் தாளும் காபிப்பொடி நிறம்! வெளிச்சமே படாததால் பிறந்த நாளின் கறுப்பு அப்படியே இருந்தது. ஒரே மரம், ஒரே வயது, ஒரே வீடு. எண்பது வருடம் ஒன்று வெளியே நின்றது, ஒன்று உள்ளே இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

“சாயம் போட்டு வெளுக்க வைக்கலாமா?” என்றார் அண்ணா. அவருக்கும் சுவாரசியம் பிடித்துவிட்டிருந்தது. ஆசிடில் வெளுத்தால் ரேகையும் சேர்ந்து செத்துப்போகும் என்றார் சாச்சா. உரித்து எடுத்த தாளை இரண்டு பலகைக்கு நடுவே கட்டி வைத்துக்கொண்டார். “அக்டோபரில் வருகிறேன்.”

மும்பையில் அக்டோபர் ஒரு தனிப் பருவம். மழை ஓய்ந்து, குளிர் வருவதற்குமுன், ஒரு மாதம் வெயில் வறுத்தெடுக்கும். ஊரே சபிக்கும் அந்த வெயிலுக்காக ஒரு மனிதர் ஜூலையிலிருந்து காத்திருந்தார். தாளைப் பட்டறைத் தகரக் கூரையில் கண்ணாடியின் கீழ் விரித்து, தினமும் ஒரு துண்டைப் பீரோவின் நிறத்தோடு ஒப்பிட, இடது கதவின் ஒரு சின்னச் சிராயைக் கையோடு வைத்திருந்தார். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு தொலைபேசி வந்தது. வெளுத்துவிட்டது.

இந்தத் தடவை அவர் கத்தியை எடுத்ததும் நான் சதுரமாக வெட்டுவார் என்று நினைத்தேன். ரேகையைக் குறுக்கே வெட்டிய கோடு எத்தனை மெருகு போட்டாலும் தெரியும். படகு வடிவில், இரு முனையும் கூராக, ரேகையோடு ரேகையாக நழுவிப் போகும்படி வெட்டினார். பழைய தாளின்மேல் புதியதை வைத்து இரண்டையும் ஒரே கீறலில் சேர்த்து வெட்டினால் இடைவெளி விழாது. வெட்டிய துண்டைப் பள்ளத்தில் பசையில்லாமல் வைத்தார். நிறம், ரேகை எல்லாம் பொருந்திவிட்டது. எங்கே ஒட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

சாச்சா என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தி, வலது பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கிருந்து அந்தப் படகு பளிச்சென்று தெரிந்தது. துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இப்போது வலமிருந்து தெரியவில்லை, இடமிருந்து தெரிந்தது. மரத்தின் நார்கள் மேற்பரப்பில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வெல்வெட்டைத் தடவினாற்போல ஒரு திசையில் மின்னும், எதிர்த்திசையில் மங்கும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த தாளைப் புரட்டி ஒட்டியிருந்ததால் அதன் சாய்வு பக்கக் கதவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் முதல் நாளிலிருந்து ஜன்னலைக் கேட்டிருக்கிறார்.

“மாஜி, புது வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்?”

எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. முதலில் வாடகை வீடு. பில்டர் வாடகைப் பணம் கொடுப்பார். எங்கே கிடைக்கிறதோ அங்கே. பிறகு மூன்று வருடமோ நான்கு வருடமோ கழித்து இதே இடத்தில் எழும் இருபத்திரண்டு மாடியில் ஒன்பதாவது. வரைபடத்தை அண்ணா கைப்பேசியில் தேடினார். அறை இருந்தது. பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

பெரியம்மா தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பீரோவைப் பார்த்தார். 1967லிருந்து பார்த்த இடம்.

“இங்கே இருக்கிறபடியே பண்ணுங்கோ” என்றார்.

சாச்சா துண்டின் முதுகில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டார். பசை தடவினார்.

மெருகு இரண்டு நாள் வேலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தோய்த்து, எட்டு எட்டாகக் கை சுழல வேண்டும். அரக்கு ஜார்க்கண்ட் காட்டிலிருந்து வருகிறது. அதை ஆராய ராஞ்சி அருகே நாம்குமில் 1924லிருந்து ஒரு நிறுவனம் இருக்கிறது. வஜ்ஜிரத்தைப் போலவே இதுவும் திரும்பக் கரையும் சாதி. எண்பது வருடத்துப் பழைய மெருகையும் சொட்டு ஸ்பிரிட் இளக்கிப் புதியதோடு கலந்துவிடும். கடைசியில் அவர் கேட்டது 9,000 ரூபாய். சன்மைக்காவுக்கு அதில் பாதிகூட ஆகியிருக்காது என்று அண்ணா சொன்னார். சொல்லிவிட்டுப் பணத்தை அவரே கொடுத்தார். மிச்சத் தாளைச் சாச்சா தகரப்பெட்டிக்குக் கொண்டுபோகவில்லை. செய்தித்தாளில் சுற்றி, கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, திருகுகளை முடுக்கினார். பின்னால் வருகிற தச்சனுக்கு வேண்டியிருக்கும் என்றார்.

டிசம்பர் 20ஆம் தேதி வீடு காலியானது. அந்தக் காலத்துப் பீரோக்கள் தலைப்பலகை தனி, அடிப்பெட்டி தனி என்று ஆப்புகளைத் தட்டினால் பிரிந்துவிடும். நான்கு ஆள் தூக்கிக்கொண்டு வடாலாவில் ஒரு ஆறாவது மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே அறைக்கு ஒரே ஜன்னல். வலது பக்கம்.

ஜனவரியில் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு அந்தக் கதவின் அடியில் ஒரு படகு லேசாக மிதக்கிறது. முக்காலி வேறெங்கோ கிடந்தது. பெரியம்மா கட்டிலைச் சுவரை விட்டு இரண்டடி தள்ளிப் போடச் சொல்லியிருந்தார். அறையில் நடக்க வழியில்லை.

“இங்கேர்ந்து பாரு, தெரியலை கேட்டியா” என்றார்.